எங்களைப் பழித்தவரின் பாட்டு

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவொரு கடவுளை நினைக்கும் திரித்துவ ஞாயிறு வரும்போது, மட்டக்களப்பில் கச்சான் என்ற வெப்பக் காற்றும் வந்துவிடும். கோயிலில் மின்விசிறிகள் சுற்றுவது வெக்கையைக் கிளறிவிடுவதற்குத்தான். அந்த வெக்கையில் நடந்த பாட்டுப் பயிற்சியில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, திரித்துவ ஞாயிறு தோறும் பாடும் இந்தத் 'தூய தூய தூயா' பாட்டை ஒரு வருடமாவது விட்டால் என்ன? வெள்ளைக்காரன் பாட்டுத்தானே?"

நியாயமான கேள்வி. அவன் கட்சிக்கு வலுச் சேர்க்க நானே ஒரு செய்தியும் சொன்னேன். இதை ஆங்கிலத்தில் 'Holy, Holy, Holy' என்று எழுதிய இங்கிலாந்துப் பாதிரியார் ரெஜினால்ட் ஹீபர் 1819இல் ஒரு மிஷனரிப் பாட்டும் எழுதினார். அதில் இலங்கை வருகிறது. வாசனைக் காற்று வீசும் தீவாம், பார்க்குமிடமெல்லாம் அழகாம், மனிதன் மட்டும் இழிந்தவனாம்! அப்போது அவர் இந்தத் தீவைக் கண்டதேயில்லை. கல்கத்தா பிஷப்பான பிறகு, 1825இல்தான் வந்தார். மட்டக்களப்புக்கு வந்திருந்தால் எருமைத் தயிர் கொடுத்து வாயை அடைத்திருப்போம்.

பிறகு ஏன் பாடுகிறோம்? மனிதரைப் பற்றிப் பேசிய பாட்டில் அவர் சறுக்கினார். இந்தப் பாட்டில் மனிதருக்குத் தீர்ப்பெழுதும் வேலையே இல்லை. வேதாகமத்தில் ஏசாயாவும் யோவானும் கண்ட கடவுளின் சிங்காசனம், அதைச் சுற்றிய மும்முறைத் துதி, அவ்வளவுதான். 'எனக்கு இதைத் தாரும்' என்று ஒரு வரி கிடையாது. இப்போது வரும் பாட்டுகளில் 'எனக்கு', 'என்னை' என்பவற்றை எண்ணத் தொடங்கினால் பிரசங்கம் முடிந்துவிடும். ஹீபரின் பாட்டிலும் 'பாவக் கண்' வருகிறது. ஆனால் அது எந்தத் தீவுக்காரனின் கண்ணென்று சொல்லப்படவில்லை. எழுதியவருக்கும் அதே கண்தான்.

மெட்டு ஜோன் டைக்ஸ் 1861இல் போட்டது. ச ச, க க, ப ப என்று மூன்று 'தூய'வும் மூன்று படி ஏறும். சுருதி பிடிக்கத் தெரியாதவரும் ஏறிவிடலாம். ஹீபர் அந்த மெட்டைக் கேட்கவேயில்லை. 1826 ஏப்ரல் 3ஆம் தேதி காலையில் திருச்சியில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் (பிஷப் தலையில் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுத்துவிட்டு வந்தவர், குளிக்கும்போது இறந்தார். வயது 42. கல்லறையும் அங்கேதான்.

தமிழாக்கியவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆங்கிலத்தில் அதிகாலையில் எழும் பாட்டு, தமிழில் 'எந்நாளும்' ஏறும் பாட்டாயிற்று. அதனால்தான் அம்மம்மாவை அடக்கம் செய்த அந்த மாலை நாலு மணிக்கும் அது பொருந்தியது. உயிரோடிருந்தபோது அவர் எப்போதும் ஓர்கனுக்கு அரை அடி பின்னால்தான் பாடுவார். அன்று ஓர்கன் தனியாகப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி கைபேசியில் அந்த மிஷனரிப் பாட்டைத் தேடியெடுத்து வாசித்தான். "பார்க்காமலேயா எழுதினார்?" என்றான். பிறகு பாடகர் குழுவில் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் வரிசையில் போய் நின்றான்.