பொம்மை அழகுதான், எழுத்து எங்கே?

குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் பொம்மை நிகழ்ச்சி என்று இப்போது யூடியூபில் வருவதில் பாதியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பொம்மை ஆடுகிறது, பாடுகிறது, கண்ணை உருட்டுகிறது. எழுத்து பாவம், திரையின் மூலையில் சும்மா நிற்கிறது. பிள்ளை எதைப் பார்க்கும்? படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்போதே சின்னப் பிள்ளைகளின் கண் படத்திலேயே கிடக்கிறது, எழுத்துப் பக்கம் அபூர்வமாகத்தான் போகிறது என்று கண்ணசைவை அளந்த ஆய்வுகள் சொல்கின்றன. அசையாத படத்துக்கே இப்படி என்றால் ஆடுகிற பொம்மைக்குக் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் 1969இல் செசமி ஸ்ட்ரீட் என்ற, ஒரு தெருவில் நடக்கும் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியவர்கள் பிள்ளைகளின் பார்வையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளரின் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு திரையில் நிகழ்ச்சி ஓடும். பக்கத்துத் திரையில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் தலை எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொள்வார்கள். திரும்பிவிட்டால் அந்தக் காட்சி தேறவில்லை என்று அர்த்தம். ஒளிபரப்புக்கு முன் பார்த்தபோது, மனிதர்கள் மட்டும் வந்த தெருக் காட்சிகள்தான் படுத்துவிட்டன. பொம்மையையும் மனிதரையும் கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு பிக் பேர்ட், ஆஸ்கர் என்ற பொம்மைகளைத் தெருவில் இறக்கினார்கள். நல்லவேளை!

சரி, கவனம் கிடைத்துவிட்டால் வாசிப்பு வந்துவிடுமா? அதற்கு எழுத்தே ஏதாவது செய்ய வேண்டும். 2000இல் பிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பிட்வீன் தி லயன்ஸ் நிகழ்ச்சி இதில் கெட்டி. நூலகம் நடத்தும் ஒரு சிங்கக் குடும்பம், எல்லாம் பொம்மைகள். ஆனால் எனக்குப் பிடித்த பகுதியில் சிங்கமே இல்லை. கவசம் போட்ட வீரர்கள் இருவர் ஆளுக்கு ஒரு சொல்துண்டோடு எதிரெதிரே பாய்ந்து வந்து மோதுவார்கள். மோதியதும் முழுச் சொல் கிடைக்கும். எழுத்தைக் கவனிக்காத பிள்ளைக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை, சண்டையே எழுத்துக்கும் எழுத்துக்கும்தான்.

அதனால் புதிதாக எந்த நிகழ்ச்சி வந்தாலும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் ஓடவிடுகிறேன். ஒலியும் எழுத்தும் சேர்ந்தால்தான் வாசிப்பு, அது தெரியும். இது வெறும் முதல் சல்லடை. எழுத்து பிரிகிறதா, சேர்கிறதா, இடம் மாறுகிறதா? இல்லை, பொம்மை மட்டும்தான் குதிக்கிறதா? அப்படியென்றால் அதைப் பாட்டு நிகழ்ச்சி என்றே போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.