கேபின் கட்டுவது வேறு, வாடகைக்கு விடுவது வேறு

நேற்று முழுக்க நம் குழுவில் நடந்த கேபின் கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் நம் குழுத் தம்பி ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கேபின், அதாவது சின்ன தனி அறை, கட்டி வாடகைக்கு விட்டார். அதை நிறுத்தச் சொல்லி கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூராட்சியிலிருந்து, நோட்டீஸ் வந்தது. "விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதென்றால் பிளானிங் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் தம்பி" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். கட்டடம் கட்டவும் அதன் பயன்பாட்டை மாற்றவும் கவுன்சில் தருகிற அனுமதி அது. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நான் பொறாமைக்காரன், வெள்ளைக்காரனுக்குக் காவடி தூக்குகிறவன், கடைசியில் போட்டுக்கொடுத்ததே நான்தான் என்று வந்து நின்றது. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் 60 மைல் இருக்கிறது ஐயா.

மறுபடியும் சொல்கிறேன். இங்கிலாந்தில் தோட்டத்தில் கேபின் கட்டுவது வேறு, அதில் ஆளைத் தங்கவைத்துக் காசு வாங்குவது வேறு. கேபின் விற்கிறவர் "அனுமதியே தேவையில்லை" என்று சொல்வது முதல் விஷயத்துக்கு மட்டும். ஒரே தளம், வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இந்த விதிகளைச் சொல்கிற அதே 2015 அரசு உத்தரவில், அந்த வீட்டில் குடியிருக்கிறவர்களின் புழக்கத்துக்குத் துணையாக இருக்கவேண்டும் என்றும் இருக்கிறது, அதை மட்டும் யாரும் படிப்பதில்லை. ஜிம் வைக்கலாம், ஆபீஸ் போடலாம், கேரம் போர்டு போடலாம். வெள்ளிக்கிழமை தோறும் சூட்கேஸை உருட்டிக்கொண்டு வருகிற ஜோடி எந்தக் கணக்கில் அந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள்?

இனி குழுவில் வந்த எதிர்வாதங்கள். "லண்டனில் வருஷத்துக்கு 90 நாள் வீட்டை விடலாமே?" விடலாம், லண்டனில். தம்பி இருப்பது கடற்கரை ஊர். "அடியில் சக்கரம் மாட்டினால் அது கேரவன், சட்டமே வேறு." சட்டப்படி 20 மீட்டர் நீளம் வரைக்கும் கேரவன்தான், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சக்கரம் மாட்டியதால் உள்ளே தூங்குகிறவர் உங்கள் சித்தப்பா ஆகிவிட மாட்டார். "சத்தம்போடாமல் நாலு வருஷம் ஓட்டிவிட்டால் தானாக சட்டபூர்வம் ஆகிவிடும்" என்று ஒரு அண்ணன் ஆலோசனை சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிந்தது. சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கோட்டையே கட்டி நாலு வருஷம் ஒளிந்து குடியிருந்தார். கோர்ட் ஏற்கவில்லை, 2016இல் அவரே இடித்தார். இப்போது அந்த நாலு வருஷக் கணக்கும் போய்விட்டது, 25 ஏப்ரல் 2024 முதல் 10 வருஷம்.

"எப்போதாவது சில இரவுகள் விட்டால் என்ன?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எந்த அளவு விடுகிறோம் என்பதைப் பொறுத்ததுதான். ஆனால் தம்பியின் காலண்டர் ஆகஸ்ட் வரை நிரம்பி வழிந்தது, அவரே பெருமையாகப் போட்ட ஸ்கிரீன்ஷாட். அதே பதிவில் உள்ளே எடுத்த படமும் இருந்தது. சோபா கம் பெட், பக்கத்தில் கெட்டில், திரைச்சீலையை உரசிக்கொண்டு ஒரு ஹீட்டர். கூரையில் ஸ்மோக் அலாரம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. 15 சதுர மீட்டருக்குள் கட்டினால் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு, உள்ளே யாரும் தூங்காதவரை.

"நம்மாள் என்பதால்தான் குறி வைக்கிறார்கள்." இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 2013இல் லண்டனுக்குப் பக்கத்து ஊரான ஸ்லவ்வில் கவுன்சில் விமானத்தை அனுப்பி, எந்த ஷெட்டில் ஆள் குடியிருக்கிற சூடு தெரிகிறது என்று மேலிருந்து படம் பிடித்தது, நம்மாட்கள் நிறைய வாழும் ஊர் அது. கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அந்த மாதிரி ஷெட்டுகளில் வாடகை கொடுத்துக் குளிரில் படுத்தவர்களும் நம்மாட்கள்தானே? அவர்களுக்காக ஒரு பதிவு போட்டோமா?

எனக்கு மட்டும் வலிக்காதா? ஊரிலிருந்து அப்பா வருகிறார், பகலில் பேப்பர் படிக்க ஒரு இடம் வேண்டும் என்று நானும் ஒரு கேபின் போட்டேன். உயரம் 2.49 மீட்டர் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. அடியில் போட்ட 20 சென்டிமீட்டர் மேடையும் கணக்கில் சேரும் என்று யார் கண்டார்கள். யாரோ புகார் கொடுக்க, கவுன்சில் அதிகாரி வந்து புல்லில் மண்டியிட்டு டேப்பை மண்ணிலிருந்து பிடித்தார். 2.69. அப்பா என்னையும் டேப்பையும் மாறிமாறிப் பார்த்தார். பலகை பலகையாகக் கழற்றி, மேடையை உடைத்து, மண்ணை வெட்டித் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் அப்பாவின் விசா முடிந்து கிளம்பிவிட்டார். யார் புகார் கொடுத்தது என்று கவுன்சில் சொல்லாது, சொல்லவுமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து இரண்டு வருஷம் குட்மார்னிங் சொல்லவில்லை. ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்தது, அப்புறம் வீடு விற்பனைக்கு என்று பலகை நட்டார்கள். அந்தப் பாட்டியா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் என்னைப் பார்த்து 'போட்டுக்கொடுத்தவன்' என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

இன்னொன்று. நோட்டீஸில் 'அமலுக்கு வரும் தேதி' என்று ஒன்று இருக்கும், வழக்கமாக 28 நாள் தள்ளி. அப்பீல் அந்தத் தேதிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும், ஒரு நாள் தவறினாலும் எடுக்கமாட்டார்கள். தம்பி என்னை பிளாக் பண்ணிவிட்டார். யாராவது அவரிடம் சொல்லிவிடுங்கள்.