ஆஸ்துமா மாத்திரையை ஆவியில் போட்டால் இன்ஹேலர் ஆகிவிடாது

“இன்ஹேலர் பழகினால் விடவே முடியாது. மாத்திரையைப் பொடித்து வெந்நீரில் போட்டு ஆவி பிடித்தால் அதே பலன்.” சிங்கப்பூர்க் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியின் இரண்டு வரிகளுமே தவறு.

இரண்டாவது வரிதான் ஆபத்தானது. வெந்நீர் ஆவியாகும்போது மாத்திரையின் மருந்து கூடவே மேலே வராது, பாத்திரத்திலேயே தங்கிவிடும். கையில் சூடு பட்டதுதான் மிச்சம். நுரையீரலின் ஆழம்வரை மருந்து போக, துகள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியதில் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். இந்த அளவைப் பிடிப்பதுதான் மருந்து தயாரிப்பாளர்களுக்குப் பெரும்பாடு. அளந்து பீய்ச்சும் இன்ஹேலர் 1956இலேயே வந்துவிட்டது, துகள் ஆராய்ச்சி இன்னும் ஓயவில்லை.

முதல் வரி சொல்வதுபோல் இன்ஹேலருக்கு அடிமையாவோமா? இல்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால், நீல இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்குப் பொதுவாக 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். மாத்திரையிலோ 2 அல்லது 4 மில்லிகிராம். நேராக நுரையீரலுக்குப் போவதால் கொஞ்சமே போதும். நீல இன்ஹேலரை அடிக்கடி தேட வேண்டியிருந்தால், அது பழக்கமல்ல, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதன் அறிகுறி, மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

சந்தேகமிருந்தால் ஹெல்த்ஹப் தளத்தில் பாருங்கள், அல்லது பலதுறை மருந்தகத்தின் மருந்தாளரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியது பெரியம்மாவாக இருந்தால் குழுவில் வாதாட வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.