ஒபாமாவின் அனுபவம் குறித்து ஒரு திருத்தம்

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் ஹிலாரி கிளின்டனிடம் அனுபவமும் ஒபாமாவிடம் வெறும் மேடைப் பேச்சும் இருந்தன என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. மக்கள் வாக்களித்துத் தந்த பதவியைக் கணக்கிட்டால், 1997 முதல் இல்லினாய் மாநில செனட்டிலும் 2005 முதல் அமெரிக்க செனட்டிலும் இருந்த ஒபாமாவுக்கு அப்போது ஏறத்தாழ 11 ஆண்டுகள். 2001இல் செனட்டரான ஹிலாரிக்கு 7 ஆண்டுகள்தாம். அவர் பிரசாரத்தில் சொல்லிவந்த 35 ஆண்டுகளில் வழக்கறிஞர் பணியும் அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகையில் கழித்த 8 ஆண்டுகளும் அடங்கும். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெளிநாட்டுத் தலைவர்களை நேரில் அறிந்திருந்தது அவருக்கு உண்மையான பலம்.

ஆனால் கொலை வழக்குகளில் காவல்துறை விசாரணையை ஒலி அல்லது ஒளி வடிவில் பதிவு செய்ய வேண்டும் என்ற மசோதாவை, முதலில் எதிர்த்த காவல்துறையினருடனும் அரசு வழக்கறிஞர்களுடனும் உட்கார்ந்து பேசி, 2003இல் இல்லினாயில் சட்டமாக்கியதில் முன்னின்றவர் ஒபாமா. அது மேடைப் பேச்சால் நடந்த காரியமல்ல. பேச்சையே எடுத்துக்கொண்டாலும், 2002 அக்டோபரில் அவர் சிகாகோவில் ஈராக் போரை எதிர்த்துப் பேசினார். அதே மாதம் ஹிலாரி போருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்.