கவிதைல வட்டி இல்ல

ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் இங்க சிங்கப்பூர்ல ஒரு கவிதை நிகழ்ச்சில வெளிநாட்டு ஊழியர்களப் பத்தி ஒரு கவிதை வாசிச்சேன். உச்சி வெயில், கம்பி, ஊர்ல அம்மா, கண்ணீருன்னு எல்லாம் இருந்துச்சு. நல்லா கைதட்டுனாங்க, நானும் பூரிச்சுப் போயி எறங்குனேன். டீ குடிக்குற எடத்துல கட்டுமானத்துல வேலை பாக்குற தம்பி ஒருத்தர், புதுக்கோட்டைப் பக்கம், மெதுவா வந்து "நல்லா இருந்துச்சுண்ணே, ஆனா நாங்க அம்மாவ நெனச்சு அவ்வளவெல்லாம் அழமாட்டோம், ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்குன காசுக்கு வட்டி ஏறுதே, அத நெனச்சாதான் தூக்கம் வராது"ன்னு சொல்லிட்டு சிரிச்சாரு.

என் கவிதைல வட்டியே இல்ல. விடியக்காலைலயே வந்து எறங்கிட்டு மத்தியானம் பிரிக்கும்போது ஊசிப்போயிருக்குற கேட்டரிங் சாப்பாடும் இல்ல. அவங்கள வேலைக்கு ஏத்திட்டுப் போற லாரி இருந்துச்சு, ஆனா உவமையா இருந்துச்சு.

இத்தனைக்கும் 2014லயே சிங்கப்பூர்ல வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி ஆரம்பிச்சாச்சு, மொதல்ல வங்காளத்துல எழுதுறவங்களுக்கு, அப்புறம் தமிழ் உட்பட மத்த மொழிக்காரங்களுக்கும். அவங்க கதைய அவங்களே எழுதி அவங்களே மேடையேறி வாசிக்குறாங்க. நாம அவங்களப் பத்தி எழுதுறதுக்கு காட்டுற அவசரத்துல பாதியாவது அங்க போயி உக்காந்து கேக்குறதுல காட்டுறோமா? இதே நாமதான் ஞாயித்துக்கெழம தேக்கா பக்கம் (லிட்டில் இந்தியா, அவங்க லீவுல கூடுற எடம்) போயிடாதீங்க ஒரே கூட்டம்னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடுறது. நானும் போட்டிருக்கேன், மறைக்க என்ன இருக்கு.

எழுதுறது தப்புன்னு சொல்ல வரல. ஆனா எழுதாமலே செய்யுறவங்களும் இருக்காங்க. எங்க அடுக்குமாடி புளோக்ல ஒரு அக்கா பழைய சேலையில பை தைப்பாங்க. 2023 ஜூலைல பெரிய சூப்பர்மார்க்கெட்டுல பிளாஸ்டிக் பைக்கு கொறஞ்சது 5 காசுன்னு வந்தப்ப நம்மாளுங்க 5 காசுக்குப் பொலம்புன பொலம்பல் இருக்கே, அத விடுங்க, அப்ப அக்கா பைக்கு நல்ல கிராக்கி. ஒரு பை ரெண்டு வெள்ளி (டாலர்), அந்தக் காசு அப்படியே ஊழியர்கள் சாப்பாட்டுக்குப் போகும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவுற டிடபிள்யூசி2 அமைப்பு 2008லேர்ந்து லிட்டில் இந்தியால, அடிபட்டு வேலை இல்லாம கேஸ் முடியக் காத்துக்கெடக்குறவங்களுக்கு இலவசமா சோறு போடுதே, அத அந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தன தடவ அந்தத் தெருவத் தாண்டி பிரியாணி சாப்பிடப் போயிருப்பேன்! அக்கா ஒரு போஸ்ட் கூடப் போட்டதில்ல, ஃபேஸ்புக்கே கெடையாது. போன தீபாவளிக்கு ரெண்டு சேல கேட்டாங்க, எங்க வீட்டம்மா நாலு குடுத்தாங்க, அதுல ஒண்ணு நான் வாங்கிக் குடுத்தது, அது வேற கதை.

இப்பல்லாம் ஞாயித்துக்கெழமதான் தேக்காவுக்குப் போறது. அந்தத் தம்பிக்கு ஓவர்டைம் இல்லாத வாரம் டீ குடிப்போம். ரெண்டு மூணு பேரு அவங்க எழுதுனத ஃபோன்லேர்ந்து வாசிப்பாங்க, நான் வாயத் தொறக்கமாட்டேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு என் ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியும்.

பழைய கவிதைய மாத்தி எழுதி போன வாரம் அவருக்கு அனுப்புனேன். ராத்திரி பத்தரைக்கு பதில் வந்துச்சு: "வட்டி வந்துருச்சு, சந்தோசம்ணே. ஆனா கம்பி கட்டுறவன் க்ளவுஸ் போட்டிருப்பான், நீங்க வெறுங்கையோட நிக்க வச்சிருக்கீங்க."

திருத்திக்கிட்டு இருக்கேன்.