பாரதி அடுக்கிய வரிசையா?

கொழும்பு வெள்ளவத்தையில் தான் வாங்கிய ‘பாரதியார் கவிதைகள்’ பதிப்பில், பாரதியே அமைத்த வரிசை குலைக்கப்பட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், அப்படித் தானே வரிசைப்படுத்திய முழுத்தொகுப்பைப் பாரதி வெளியிடவே இல்லை. 1921இல் மறையும்வரை வந்தவை சிறு நூல்கள்தான்: 1908இல் ‘ஸ்வதேச கீதங்கள்’, 1917இல் ‘கண்ணன் பாட்டு’. ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகம் 1912இல் வந்தது; இரண்டாம் பாகத்தை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முழுவதையும் தொகுத்து அடுக்கியவர்கள் பின்வந்த பதிப்பாளர்கள்.

சந்தேகமென்றால் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய், இரண்டு மூன்று பதிப்புகளின் முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரதி ஆய்வாளர் சீனி விசுவநாதன் படைப்புகளைக் காலவரிசையில் அடுக்கிய பதிப்பு கையில் கிடைத்தால் இன்னும் சுலபம். எனக்கும் பழகிய வரிசைதான் பிடிக்கும், அது வேறு கதை.