புது ஹெட் என்று சொல்லிப் பாதி வேலையை விற்காதீர்கள்

“புதுசுதானே அண்ணா, அப்படியே மாட்டிடுங்க.” இன்ஜின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே மூடி போல உட்கார்ந்து வால்வுகளைத் தாங்குகிற வார்ப்பை, கையில் கொடுத்துவிட்டுச் சொல்கிற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிற வண்டிக்காரர் மேல் கோபமில்லை. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிற ஸ்பேர்ஸ் கடைக்காரர் மேல் கோபம். அவரைவிட, பளபளப்பான பெட்டியில் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே அரைகுறை வார்ப்பை வைத்து அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் மேல் இரண்டு மடங்கு கோபம்.

நான் கோத்தகிரி பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதெல்லாம் உழைக்கிற வண்டிகள். பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றும் ஜீப், கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப். இறங்கும்போது காய்கறி என்றால் ஏறும்போது சிமெண்ட், உரம், மளிகை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் ஏறியாக வேண்டும். செகண்ட் கியரும் தேர்ட் கியருமாக முக்கிக்கொண்டே வருகிற வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடைக்காது, ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுதான் கதி. சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு ஹெட்டில் சின்னக் குறை இருந்தால் பல மாதம் தெரியாமலே போகலாம். இங்கே ஏறுகிற வழியிலிருக்கும் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் காட்டிக் கொடுத்துவிடும்.

உயரம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் இன்ஜின் தண்ணீர் அந்தச் சூட்டில் கொதிக்காமல் தாங்குகிறது. ஹெட்டில் மயிரிழை விரிசல் ஒன்றோ, ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்க வைக்கிற கேஸ்கெட் சரியாக உட்காராத இடம் ஒன்றோ இருந்தால் போதும், அழுத்தம் நிற்காது. அப்புறம் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளும், ஹெட் இன்னும் சூடாகும், வளையும், விரிசல் நீளும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். மலையில் ஒரு ஹெட் போவது இப்படித்தான்.

இப்போது என் மேஜையில் கிடக்கிற ஹெட்டைச் சொல்கிறேன். நாலு சிலிண்டர் டீசல் ஜீப்புக்கு வாங்கியது. பழைய ஹெட்டில் இரண்டு வால்வுக்கும் நடுவே விரிசல் விட்டுவிட்டது. வண்டிக்காரர் கடன் வாங்கிக் கோயம்புத்தூர் போய்ப் புது ஹெட் வாங்கி வந்தார். வால்வ், ஸ்பிரிங் எல்லாம் கோத்து, “போல்ட் போட்டு இறுக்கினா வேலை முடிஞ்சுதுங்க” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருந்தது, வழவழவென்று மின்னியது.

தலைகீழாகப் பிடித்து மரச்சுத்தியால் லேசாகத் தட்டினேன். தண்ணீர் ஓடும் ஓட்டைகளிலிருந்து கறுப்பு மணல் பொலபொலவென்று செய்தித்தாளில் விழுந்தது. கம்ப்ரஸர் காற்றைப் பிடித்ததும் இன்னும் வந்தது. ஹெட்டை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் போகிற வழிக்காக மணலில் கோர் என்கிற உள் அச்சு செய்து வைப்பார்கள். வார்ப்பு ஆறிய பிறகு அந்த மணலை உதிர்த்து, கழுவி, ஊதி வெளியேற்ற வேண்டியது வார்த்தவர் வேலை. அதைச் செய்யாமல் பெட்டியில் போட்டு அனுப்பினால் அந்த மணல் எங்கே போகும்? ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும், வாட்டர் பம்ப் சீலை அரைக்கும். வால்வை அமுக்குகிற ராக்கர்களின் ஷாஃப்டுக்கு ஆயில் போகும் துளைக்குள் கம்பி பிரஷ்ஷை விட்டு இழுத்தேன். சுருள் சுருளாக இரும்புச் சீவல். டிரில் போட்டபோது விழுந்தது அப்படியே இருக்கிறது. ராக்கர் புஷ்ஷையும் ஷாஃப்டையும் கீறிவிட்டு, அங்கிருந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும். இதைக் கழுவுவதற்கு என்ன பெரிய இயந்திரம் வேண்டும்?

குறை மணலோடு நின்றிருந்தால்கூடக் கழுவி மாட்டியிருப்பேன். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்கிற நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் முகத்தில் வைத்து மட்டம் பார்த்தேன். நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை. பெரும்பாலான இன்ஜின்களுக்கு இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு அடியில் நுழையக் கூடாது. சரியான அளவு அந்தந்த இன்ஜின் மேனுவலில் இருக்கும், அதுதான் கணக்கு. இந்த ஹெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே 0.05 தகடு தடையே இல்லாமல் போய் வந்தது. 0.10 தகடு கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனது. கருவியில் தப்பிருக்கலாம் என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன். அதே இடம், அதே இடைவெளி. கேஸ்கெட் ஊதிப்போவதற்கென்றே வழிவிட்டு வைத்த மாதிரி இரண்டு சிலிண்டருக்கு நடுவே பள்ளம்.

அடுத்து ஹெட்டை ஒருக்களித்து வைத்து காற்றும் புகையும் போகிற ஒவ்வொரு போர்ட்டிலும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். இந்தச் சோதனைக்கு ஒரு டம்ளர் எண்ணெயும் கொஞ்சம் பொறுமையும் போதும். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி உடனே ஈரம் கசிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்ட ஆரம்பித்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வில் மார்க்கிங் ப்ளூ என்கிற நீல மை தடவி உட்கார வைத்து எடுத்தேன். ஒரு பக்கம் பட்டையாகப் பதிந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் தொடவே இல்லை. வால்வ் உட்காரும் சீட்டை வெட்டியபோது, வால்வ் தண்டு ஓடுகிற கைடின் மையத்தோடு சேர்த்து வெட்டவில்லை. இதைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் சரிவராது, சீட்டைத் திரும்ப வெட்ட வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டில் பெரும்பங்கை அந்தச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. ஒரு பக்கம் தொடாவிட்டால் அந்தப் பக்கம் சூடு இறங்க வழியில்லை, புகைக் காற்றும் அந்தச் சந்தில் பீறிட்டு வால்வை எரித்துவிடும். அதற்கு முன்பே சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற கம்ப்ரஷன் குறையும். டிசம்பர், ஜனவரியில் இங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கிற காலையில் கம்ப்ரஷன் குறைந்த டீசல் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்? இறக்கத்தில் நிறுத்தி வைத்துத் தள்ளிவிட்டுத்தான் ஓட்டவேண்டும் என்பது இந்த ஊர் டிரைவர்கள் தலையில் எழுதிவைத்த விதியா?

கடைக்குப் போன் போட்டேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“ஏனுங்க, அதெல்லாம் கம்பெனியிலயே செக் பண்ணித்தான் வருதுங்க.”

“உங்க கம்பெனி செக் பண்ணின ஹெட்தான் மண்ணெண்ணெயை ஒழுகவிடுது.”

“வால்வைக் கழட்டிட்டீங்களா? கழட்டினா ரிட்டர்ன் கிடையாதுங்களே.”

“கழட்டாம எப்படிங்க பார்க்கிறது?”

“மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கணும்ங்க.”

“மாட்டி ஓட்டிட்டா எடுத்துக்குவீங்களா?”

“ஓட்டின ஹெட்டை எப்படிங்க எடுக்கிறது?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் வாரண்டி போச்சு. கழற்றாமல் மாட்டினால் ‘ஃபிட்டிங் சரியில்லை, மெக்கானிக் தப்பு’. எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் ஜீப்காரர் தலையில், பழி என் தலையில். பொருளைச் செய்தவனுக்கும் விற்றவனுக்கும் ஒரு பைசா நஷ்டம் கிடையாது. இதற்குப் பெயர் வியாபாரமா?

கடைசியாக அவர் ஒரு யோசனை சொன்னார்: “லேத்துல குடுத்து ஃபேஸ் ஒரு கட் எடுத்துடுங்க, சரியாயிடும்.” டீசல் ஹெட்டில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கட் எடுக்க முடியாது. ஃபேஸ், அதாவது கேஸ்கெட் உட்காரும் முகத்தைச் சீவினால் ஹெட்டின் கனம் குறையும், வால்வ் பிஸ்டனை நோக்கி இறங்கும், இன்ஜெக்டர் நுனியும் அதிகமாக நீட்டிக்கொள்ளும். மேலே வந்த பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இருப்பதே ரொம்பக் கொஞ்சம். அதனால் முகத்தைச் சீவினால் சீட்டையும் ஆழப்படுத்தி, வால்வ் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று டெப்த் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ரொம்ப ஆழம் போனால் கம்ப்ரஷன் குறையும், போதாமல் இருந்தால் பிஸ்டனில் இடிக்கும். அவர் விற்றதே புது ஹெட். அதற்கு மேலே முகம் சீவும் கூலி, சீட் வெட்டும் கூலி, விரிசல் இருக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கூலி. அதற்கெல்லாம் என் பட்டறையில் வசதியில்லை, கீழே அனுப்ப வேண்டும். போக வர வண்டிச் செலவு வேறு. இவ்வளவையும் கூட்டினால் ‘மலிவாகக் கிடைத்தது’ என்று வாங்கியதற்கு என்ன அர்த்தம்?

செய்யத் தெரியாமல் செய்கிறார்கள் என்று யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். கோயம்புத்தூரைச் சுற்றிப் பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று தலைமுறையாகத் தொழில் தெரிந்த கைகள் இருக்கின்றன. நல்ல ஹெட்டும் என் கைக்கு வந்திருக்கிறது. ஒரிஜினல் கம்பெனிப் பெயர் இல்லாத ஹெட்டிலேயே சீட் சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் பதிந்து, தகடு எங்கும் நுழையாமல், கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தால் தண்ணீர் ஓட்டையும் ஆயில் ஓட்டையும் அச்சாகப் பொருந்தி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. வெளியில் செய்த பொருள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கடைசி ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, செய்ததாக ஸ்டிக்கர் ஒட்டுகிறானே, அவனைத்தான் சொல்கிறேன்.

வண்டிக்காரரின் அவசரம் எனக்குப் புரிகிறது. பறித்த இலை அன்றைக்கே ஃபாக்டரி போய்ச் சேர வேண்டும், தாமதமானால் சூடேறிக் கறுத்துவிடும். வண்டி நின்றால் வாடகை வண்டி, அதற்கு வாடகை. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலையில் அதெல்லாம் கட்டுபடியாகிற காரியமா? அதனால்தான் “பார்த்தது போதும், மாட்டுங்க” என்று நிற்கிறார். பக்கத்திலேயே பார்க்காமல் மாட்டிக் கொடுக்கிற பட்டறையும் இருக்கிறது. அங்கே மூன்று மணி நேரத்தில் வண்டி ரெடி. நான் மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று பேச்சு. பேசட்டும்.

லோடோடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்ப் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். பின்னால் பஸ், பக்கத்தில் பள்ளம், மூட்டை மேல் கூலிக்கு வந்த ஆட்கள். இதெல்லாம் அந்த ஒரு ஹெட்டை நம்பி இருக்கிறது. மணலை ஊதி வெளியேற்றாத ஹெட்டை.

வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன், காதில் போட்டுக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளுக்குத் தயாரித்தவர் மேலும் விற்றவர் மேலும் பொறுப்பு உண்டு. ‘வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோர் இல்லை’ என்று உங்களை மிரட்டுவார்கள். சொந்தமாக வண்டி ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறவர் அந்தப் பிழைப்புக்காகவே வாங்கிய பொருளுக்கு அவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் ‘ஹெட் 1’ என்று கிறுக்கிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பார்ட் நம்பரோடு முறையான பில் கேளுங்கள். ஹெட்டில் வார்த்த எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹெட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக் கனம், போல்ட் ஓட்டை, இன்ஜெக்டர் உட்காரும் இடம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: ‘பொருத்தும் முன் வால்வைக் கழற்றிச் சோதிக்கலாம், குறை இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்.’ கடை சீலோடு. எழுதித் தரமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு இறங்கி வாருங்கள்.

என் மேஜையில் இருக்கிற ஹெட் நாளைக் காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் லேத்துக்குப் போகிறது. ஒழுகின வால்வையும், தகடு நுழைந்த இடத்தையும், விழுந்த மணலையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். லேத்துக்காரர் தருகிற கூலிச் சீட்டும் சேர்ந்ததும் எல்லாம் கடைக்காரருக்கும் பெட்டியில் முகவரி போட்டிருக்கிற கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் போகும். பதில் வராவிட்டால் ஜீப்காரரை ஊட்டிக்கு அழைத்துக்கொண்டு போய் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வைப்பேன். அதற்காகப் பட்டறையை ஒரு நாள் பூட்டினாலும் சரி.